உண்டியலுக்கு முன்னே உழைப்பு
(பல்கலைக்கழக மாணாக்கருக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் ஒரு பாடம்)

கண்டி நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும், புகையிரத நிலைய வாசலிலும், பேராதனைச் சந்தியிலும் உண்டியல் ஏந்தி நிற்கும் மாணாக்கரைக் காணாதவர் நம்மில் இலர். வெள்ளம் வந்தால் நிற்கின்றனர். நோயுற்ற சக மாணவனுக்குச் சத்திரசிகிச்சை என்றால் நிற்கின்றனர். சந்தைக்கு வந்த தாய்மார் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து நாணயம் இடுகின்றனர். பஸ் நடத்துனரும் தம் பங்கை இடுகிறார். நல்ல காரியமே. அதைக் குறை கூற நாம் வரவில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. உண்டியலில் விழுந்த பணம் யாருடையது? பெரும்பாலும் கூலிக்கு உழைப்பவருடையது. அப்படியானால் உண்டியலை ஏந்தியவர் கொடுத்தது என்ன? சில மணி நேரம் நின்ற கால்வலி மட்டுந்தானா? நாட்டின் வரிப்பணத்தில் இலவசமாகப் பயிலும் ஒருவர், தம்மைவிட வறியவரிடம் கைநீட்டுமுன் தம்மிடமிருந்து எதை எடுத்து வைக்கிறார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பாடம். நற்காரியத்துக்கு நிதி திரட்டும் மாணாக்கர் முதலில் தம் உழைப்பையும், கற்ற கல்வியையும், தம் நுகர்வில் ஒரு பகுதியையும் இடவேண்டும். பிறரிடம் கேட்பது அதற்குப் பின் வரவேண்டும். இந்த ஒழுங்கில் சென்றால் பணமும் சேரும். மக்களின் நம்பிக்கையும் சேரும்.

இதைப் பேச இது தக்க வேளை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின் மழையால் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் சரிந்து பல உயிர்களைப் பலிகொண்டன. நிவாரண லொறிகள் சில வாரங்கள் வரும், பின்பு நின்றுவிடும். மண்ணுக்குள் போன புத்தகப்பையும், சப்பாத்தும், பரீட்சைக்கெனச் சேர்த்து வைத்த குறிப்புக் கொப்பிகளும் தாமாகத் திரும்பி வரமாட்டா. ஒரு பிள்ளையின் படிப்பு முறிவது வெள்ளம் வந்த அன்றல்ல. வெள்ளத்தை எல்லாரும் மறந்த பின்னரே. ஆகவே மாணாக்கரின் நிதி ஒருநாட் பரபரப்பாக முடியாமல் நீடித்து ஓடும் ஊற்றாக இருக்க வேண்டும்.

பூவரசம்பூ கற்பிக்கும் பாடம்

நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்கோர் அருமையான முன்மாதிரி உண்டு. முதலாம் உலகப் போரின் முடிவை நினைவுகூர ஆண்டுதோறும் நவம்பர் 11ஆம் திகதி பொப்பி மலர் விற்கப்பட்டது. அப்பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியப் படைவீரரின் நலனுக்கே சென்றது. அதே போரில் பணியாற்றிய இலங்கையர் இங்கே வறுமையில் வாடினர். இதைக் கண்டு மனம் நொந்த முன்னாள் படைவீரர் ஏலியன் பெரேரா, அதே நாளில் உள்நாட்டுப் பூவொன்றை விற்கத் தொடங்கினார். அதுதான் சிங்களத்தில் ‘சூரிய மல்’ என்று வழங்கும் பூவரசம்பூ. நம் சிறுவர் எதன் இலையைச் சுருட்டி ஊதுகுழல் செய்து விளையாடுகின்றனரோ, அந்த மரத்தின் மஞ்சட் பூவே அது.

1933இல் டொரீன் யங் என்ற ஆங்கிலேய ஆசிரியை, இலங்கைப் பிள்ளைகளைப் பொப்பி மலர் வாங்க வைப்பதன் பொருந்தாமையைப் பத்திரிகையில் எழுதினார். அவருடைய சொந்த நாட்டவரே அவரைத் தூற்றினர். அவ்வாண்டு தென் கொழும்பு இளைஞர் சங்கத்தார் பூவரசம்பூ விற்பனையைப் புதிய வேகத்துடன் கையேற்றனர். டொரீன் யங் அவ்வியக்கத்தின் தலைவியானார். இளைஞரும் யுவதிகளும் தெருத் தெருவாகப் பூக்கூடையுடன் நடந்தனர். வாங்கியவரில் பெரும்பாலோர் ஏழைகள். ஆகவே சேர்ந்த தொகை பெரிதன்று.

கதை அத்துடன் முடியவில்லை. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. குட்டைகளில் நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் 1935 முடியுமுன் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வழியிலுள்ள கேகாலைப் பகுதி மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பூ விற்ற அதே இளைஞர், மருந்தும் உணவும் சுமந்துகொண்டு அக்கிராமங்களுக்குச் சென்றனர். காய்ச்சலின் பின்னே பசி நிற்பதைக் கண்டனர். மார்மைற் என்னும் சத்துப்பொருளை உருண்டைகளாக்கிக் கொடுத்தனர். லண்டனில் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய என். எம். பெரேரா அக்கிராமங்களில் பருப்பு வழங்கியமையால், மக்கள் அவருக்குப் ‘பருப்பு மாத்தயா’ என்றே பெயரிட்டனர். இவ்வியக்கத்தார் பலர் பின்னர் அரசியலில் புகுந்தனர். அவர்களின் அரசியலை ஏற்பவரும் உளர், மறுப்பவரும் உளர். நமக்கு வேண்டியது அவர்கள் நிதி திரட்டிய முறை.

அதிலே மூன்று உண்மைகள் உள்ளன.

முதலாவது, விற்ற பொருளே செய்தியாயிற்று. பூவைச் சட்டையில் குத்தியவரை “இது என்ன பூ?” என்று எவரேனும் கேட்டால், காரியம் முழுவதையும் சொல்ல ஒரு வாய்ப்பு. நோக்கத்தோடு பொருந்தாத பேனாவும் ஸ்டிக்கரும் விற்றால் அந்த வாய்ப்பு இல்லை.

இரண்டாவது, முதலீடு அற்பம். பூ மரத்தில் இருந்தது. உழைப்பு இளைஞரிடம் இருந்தது. வந்த பணம் செலவுக்கே கரைந்து போகவில்லை.

மூன்றாவது, பணத்தைவிடப் பெரியதொன்று சேர்ந்தது. ஒன்றாக நடக்கவும், அந்நியரோடு பேசவும், இகழ்ச்சியைப் பொறுக்கவும் பழகிய ஒரு குழு உருவாயிற்று. கொள்ளைநோய் வந்தபோது அந்தக் குழு ஆயத்தமாய் நின்றது.

மாணாக்கரின் ஐந்து முதல்கள்

“எங்களிடம் ஏது பணம்?” என்பர் மாணாக்கர். பணம் இல்லாதிருக்கலாம், முதல் உண்டு. கல்வி, கை, குரல், கால், வயிறு என்னும் ஐந்தே அது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கல்வி: க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தேறி வந்தவர்களே பல்கலைக்கழக மாணாக்கர். கணிதத்திலோ விஞ்ஞானத்திலோ ஒருநாட் கருத்தரங்கு நடத்துவது அவர்களுக்கு எளிது. நகரப் பாடசாலை மண்டபமொன்றை ஒரு சனிக்கிழமைக்கு இரவலாகப் பெறலாம். உதாரணத்துக்கு 150 பிள்ளைகள் ஆளுக்கு 300 ரூபா செலுத்தினால் 45,000 ரூபா. மாதிரி வினாத்தாள் அச்சுக்கூலி 9,000 போக 36,000 ரூபா மிஞ்சும். ஒரு விதி மட்டும் தவறக்கூடாது: பணமில்லாத பிள்ளை வாசலில் நிற்கக் கூடாது. கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் வரும் தோட்டப் பிள்ளைக்கு அனுமதி இலவசமாகட்டும். பஸ் கட்டணமும் அந்நிதியிலிருந்தே கொடுபடட்டும். அப்பொழுது நிதி திரட்டும் வேலையே நற்காரியமாகவும் ஆகிவிடுகின்றது.

2. கை: நோர்வே நாட்டில் 1964 முதல் பாடசாலை மாணவர் ஆண்டில் ஒருநாள் வகுப்புக்குச் செல்லாமல் வேலைக்குச் சென்று, அந்நாட் கூலியைப் பிறநாட்டு இளைஞரின் கல்விக்குக் கொடுத்து வருகின்றனர். நாமும் செய்யலாம். கண்டியில் வீட்டுத்தோட்டம் துப்புரவாக்க ஆளில்லாத முதியோர் பலர். கடைகளில் ஆண்டிறுதிச் சரக்குக் கணக்கெடுப்பு உண்டு. பொறியியல் மாணவர் மின்விசிறி திருத்தலாம். விவசாயபீட மாணவர் நாற்று வளர்த்து விற்கலாம். பழைய பத்திரிகை, போத்தல் சேகரித்து விற்பதும் இழிவான தொழிலன்று. “இன்று எங்கள் கூலி இந்தப் பிள்ளைகளுக்கு” என்று சொல்லி உழைப்பவருக்கு எவரும் குறைத்துக் கொடுக்க மாட்டார்.

3. குரல்: நிதியுதவிக் காட்சி என்றதும் கொழும்பிலிருந்து இசைக்குழு அழைப்பதே வழக்கமாகிவிட்டது. கணக்கைப் பாருங்கள். 400 அனுமதிச்சீட்டு 500 ரூபா வீதம் விற்றால் 2,00,000. மண்டபம், ஒளி, ஒலிபெருக்கிக்கு 90,000, உடை ஒப்பனைக்கு 35,000, அச்சுக்கு 15,000, போக்குவரத்துக்கும் உணவுக்கும் 25,000. எஞ்சுவது 35,000. அதாவது பார்வையாளர் கொடுத்த 100 ரூபாவில் ஏழைக்குப் போய்ச் சேர்வது 17 ரூபா 50 சதம். முன் சொன்ன கருத்தரங்கிலோ 100க்கு 80. இரண்டிலும் கையில் வரும் தொகை ஏறத்தாழ ஒன்றே. உழைப்பும் ஆபத்தும் ஒன்றல்ல. மழை வந்து காட்சி கெட்டால் கடன் யார் தலையில்?

கலை வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டே ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகிய கூத்துகளை மேடையேற்றினார். வெளியிலிருந்து நட்சத்திரங்களைக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. இன்று தோட்டங்களில் பொன்னர் சங்கர் கதையைத் தெரிந்த பெரியவர்களும் தப்படிக்கும் கலைஞர்களும் உளர். அவர்களோடு சேர்ந்து ஆடினால், உதவி பெறும் சமூகமே மேடையில் கொடையாளியாக நிமிர்ந்து நிற்கும். மார்கழியில் வீடு வீடாகச் செல்லும் கரோல் கீதக் குழுவும் செலவின்றி நிதி திரட்டும் வழியே.

4. கால்: 2011 யூலையில் ஒரு குழுவினர் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் நடந்தனர். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்கவே அந்நடை. வழியெங்கும் மக்கள் சேர்ந்து நடந்தனர். தெற்கின் கால்கள் வடக்கின் நோயாளருக்காக நோவு பட்டமையே அந்நடையின் பேச்சாயிற்று. மாணாக்கர் அத்தனை தூரம் செல்ல வேண்டியதில்லை. பேராதனையிலிருந்து பாதிக்கப்பட்ட தோட்டப் பாடசாலை வரை, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இவ்வளவு என்று உறவினரிடமும் வணிகரிடமும் வாக்குப் பெற்று நடக்கலாம். போய்ச் சேரும் இடத்தை நடந்தவர் தம் கண்ணாலேயே காண்பர்.

5. வயிறு: இந்தியாவின் மிசோரம் மலைகளில் 1910 முதல் கிறிஸ்தவப் பெண்கள் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டு வருகின்றனர். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பர். அது சேர்த்து விற்கப்பட்டுத் திருச்சபைப் பணிக்குச் செல்லும். பணக்காரரல்லாத அம்மக்களின் திருச்சபை அந்தப் பிடியரிசியால் இன்றும் பலம் பெறுகின்றது. நம் பிடியரிசியும் அதுதானே! விடுதி மாணவர் கிழமைக்கு ஒருநாள் மாலைத் தேநீரையும் பணிசையும் விட்டு, அந்தச் சில்லறையை விடுதிப் பெட்டியில் இடலாம். தவக்காலத்தில் தொடங்கினால் பழக்கமாகும். தவக்காலம் முடிந்தும் தொடர்ந்தால் பண்பாகும். சிறு துளி பெருவெள்ளம்.

ஒரே சொல், இரண்டு வழிகள்

ஈண்டு ஒன்றைக் கூறாமல் அப்பால் செல்ல இயலாது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் ‘றாக்’ என்றொரு வாரம் உண்டு. மாணவர் கோமாளி வேடமிட்டு ஊர்வலம் வந்து பணம் சேர்ப்பர். 1948இல் அந்நாட்டில் அரச சுகாதார சேவை வருமுன் பல வைத்தியசாலைகள் அத்தகைய கொடைகளால் பயன் பெற்றன. அதே சொல் நம் நாட்டில் என்ன பொருள் பெற்றது? பகிடிவதை! 1975இல் பேராதனையில் ஒரு மாணவி அதற்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்து நடக்க இயலாதவளானாள். 1997இல் பொறியியல் மாணவன் ஒருவன் உயிரையே இழந்தான். 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடைசெய்தது. ஆயினும் சட்டத்தால் மட்டும் ஒரு வழக்கம் சாவதில்லை; அதன் இடத்தில் நல்லதொரு வழக்கம் நடப்பட வேண்டும். புதிய மாணாக்கரை அவமானப்படுத்தும் அந்த வாரங்களில், மூத்தவரும் இளையவரும் தோளோடு தோள் நின்று ஒரு தோட்டப் பாடசாலைக்காக உழைத்தால் எப்படியிருக்கும்? அறிமுகமும் வளரும், சிரிப்பும் இருக்கும், கண்ணீர் இராது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

நல்ல நோக்கம் கணக்குக்கு மாற்றீடு ஆகாது. கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே புனித பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகப் பல ஊர்களில் காணிக்கை சேர்த்தார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் இயன்றதைச் சேர்த்து வைக்கும்படி கொரிந்தியருக்கு எழுதினார். அவர்களே தெரிந்தெடுக்கும் ஆட்களிடம் பணத்தைக் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்தார். இப்பெருந்தொகையைக் கையாள்வதில் எவரும் குறை சொல்ல இடமிருக்கக் கூடாது என்பதிலே அவர் மிகக் கவனமாயிருந்தார். புனிதரே அவ்வளவு கவனம் எடுத்தாரென்றால் மாணவர் சங்கம் எம்மாத்திரம்!

ஆகவே பின்வரும் ஒழுங்குகளைக் கைக்கொள்க:

(அ) தொடங்குமுன் பல்கலைக்கழக நிர்வாகத்தின் அனுமதியையும், வீதியில் சேகரிப்பதானால் பொலிசாரினதும் மாநகர சபையினதும் அனுமதியையும் எழுத்தில் பெறுக.

(ஆ) எதற்காக, எவ்வளவு, எந்நாள் வரை என்பதை முதலிலேயே அறிவியுங்கள். “ஏழைகளுக்கு உதவி” என்பது போதாது; “இந்தப் பாடசாலையின் 40 பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும்” என்பது போதும்.

(இ) உண்டியல்களுக்கு இலக்கமிட்டு முத்திரையிடுங்கள். திறக்கும்போது இருவருக்குக் குறையாமல் எண்ணிக் கையொப்பமிட வேண்டும். பெருந்தொகைக்குப் பற்றுச்சீட்டு கொடுங்கள்.

(ஈ) பணம் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் ஒருநாளும் தங்கக் கூடாது. இருவர் கையொப்பமிடும் கணக்கே வேண்டும். ஒருவர் விரிவுரையாளராக இருப்பது நன்று.

(உ) காரியம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் வரவு செலவை அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். உதவிய கடைக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த ஆண்டு நீங்கள் கேட்காமலே அவர் கொடுப்பார்.

பெறுபவரின் மானம்

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. கொடுப்பவரின் முகம் படத்தில் விழுவதற்காக, பெறுபவரின் முகத்தைக் காட்சிப் பொருளாக்கக் கூடாது. லயக் காம்பிரா வாசலில் ஒரு தாயை நிறுத்தி, அவள் கையில் பொதியைத் திணித்துப் படம் பிடிப்பது அவளிடமிருந்து எதையோ பறிப்பதாகும். அவளுடைய மகன் நாளை அதே பல்கலைக்கழகத்துக்கு வரக்கூடும். அந்தப் படத்தை அவன் காணக்கூடும். முதலில் சென்று கேளுங்கள்: “உங்களுக்கு என்ன வேண்டும்?” நீங்கள் சப்பாத்து என்று நினைத்திருப்பீர்கள், அவர்கள் இரவில் படிக்க ஒரு விளக்கு என்பார்கள். அதிபரிடமும், ஆசிரியரிடமும், தோட்டத் தலைவர்களிடமும் பேசிய பின்னரே இலக்கைத் தீர்மானியுங்கள்.

நிதி திரட்டுவது வேறெவருக்கோ உரிய வேலை என்று எண்ணவும் வேண்டாம். 1981இல் அமைந்த மகாபொல நிதியம், வர்த்தகக் கண்காட்சிகளாலும் பின்னர் அபிவிருத்தி லொத்தர் சீட்டாலும் வளர்ந்தது. கண்காட்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்கிய சாதாரண மக்களின் பணமே, இன்று பல்கலைக்கழக மாணாக்கர் பலரின் கையில் மாதந்தோறும் புலமைப்பரிசிலாக வருகின்றது. பெற்ற கடன் ஒன்று உண்டு. அதைத் திருப்பும் வழியும் உண்டு.

மன்றத்தில் கலந்துரையாட

1. நம் குழுவில் இருப்போரின் கல்வி, கைத்திறன், கலை என்னென்ன? ஒரு தாளில் எழுதுக.

2. சென்ற முறை நாம் திரட்டிய ஒவ்வொரு 100 ரூபாவிலும் எவ்வளவு உரியவரைச் சென்றடைந்தது? கணக்கு நம்மிடம் உண்டா?

3. நம் பகுதியில் எந்தப் பொருளோ பூவோ நம் நோக்கத்தைத் தானே எடுத்துச் சொல்லும்?

4. இம்மாதம் நாம் சென்று, “என்ன வேண்டும்?” என்று கேட்கப் போகும் பாடசாலை எது? செல்பவர் யார்? எந்த நாள்?

நான்காம் கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு திகதியும் எழுதப்படும் வரை கூட்டத்தைக் கலைக்காதீர்கள்.